திருத்தும் காது

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் உள்ள ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பொதுத்தொடர்பு படிக்கும் ஒரு தமிழ் மாணவருக்கு ஒலிபரப்புத் துறையில் ஆசை இருந்தால், அவர் தட்டக்கூடிய கதவுகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்: ஒலி 96.8 வானொலி, வசந்தம் தொலைக்காட்சி, மீடியாகார்ப்பின் தமிழ்ச் செய்திப் பிரிவு. தமிழ் இங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. ஆனால் அவருடைய பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. தமிழில் பேசிப் பிழைக்க விரும்பும் அவர் அந்தத் தொழிலை எங்கே கற்பது? சென்னைக்குப் போய்க் காட்சித் தொடர்பியல் படி என்பார் ஒருவர். பழைய இலங்கை வானொலிப் பதிவுகளைத் தேடிக் கேள் என்பார் இன்னொருவர். இரண்டு யோசனைகளுக்கும் பின்னால் இரண்டு நாடுகளின் பழக்கம் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான்: படிப்பும் கருவிகளும் வந்து சேரும், ஆனால் பேசியது வானலையில் போன அன்றே அதைக் கேட்டுத் திருத்தும் ஒரு மூத்த காது இல்லாமல் ஒலிபரப்பாளர் உருவாவதில்லை.

இலங்கையில் அந்தக் காது நிலையத்துக்குள்ளேயே இருந்தது. கொழும்பில் 1925 டிசம்பரில் வானொலி தொடங்கியது. அது 1967இல் கூட்டுத்தாபனமாக மாறிய பிறகும், தமிழ் அறிவிப்பாளர்கள் பெரும்பாலும் கலையகத்தின் வழியாகவே வளர்ந்தார்கள். பி.எச். அப்துல் ஹமீத் சிறுவர் நிகழ்ச்சியில் குரல் கொடுக்க வந்த பிள்ளை. இராஜேஸ்வரி சண்முகம் வானொலி நாடகங்களில் நடித்துவிட்டுப் பிறகே அறிவிப்பாளரானார். நாடகத்தில் ஒரு வசனத்தை எங்கே நிறுத்துவது, எங்கே மூச்சு வாங்குவது என்று பழகிய வாய்க்கு அறிவிப்பு புதிய வேலையாக இருக்காது. கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் உட்கார்ந்திருப்பார். தவறு அன்றே சுட்டப்படும். ஒலிபரப்பைத் தனிக் கலையாக எடுத்துப் பேசிய தமிழ் நூலான 'ஒலிபரப்புக் கலை' 1954இல் வந்ததும், அதை எழுதிய சோ. சிவபாதசுந்தரம் இலங்கை வானொலியில் வேலை பார்த்தவர் என்பதும் தற்செயல் இல்லை. பிபிசியின் தமிழ்ச் சேவைக்குத் 'தமிழோசை' என்று பெயர் வைத்தவரும் அவரே. அங்கே பாடம் தொழிலிலிருந்து பிறந்தது.

இந்தியாவின் கதை இரண்டு பகுதிகளாகப் பிரிகிறது, முதற்பகுதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சென்னை வானொலி நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் வந்தன. ஆனால் சிங்கப்பூர் மாணவருக்கு அவற்றைவிட நெருக்கமானது டில்லியில் இயங்கிய தமிழ்ச் செய்திப் பிரிவு. அங்கே வாசிப்பவரே மொழிபெயர்ப்பாளர். ஆங்கிலத்தில் வரும் செய்தியைக் கடிகாரத்தைப் பார்த்தபடி தமிழாக்கி உடனே வாசிக்க வேண்டும். 1947 ஆகஸ்டில் விடுதலைச் செய்தியைத் தமிழில் வாசித்த பூர்ணம் விசுவநாதனும், பின்னாளில் குரலாலேயே அறியப்பட்ட சரோஜ் நாராயண்ஸ்வாமியும் அந்தப் பிரிவில் இருந்தவர்கள். வாசிக்கும் வாயே வாக்கியத்தையும் கட்டுவதால், நாக்கு இடறும் தொடர் எழுத்திலேயே வெட்டுப்படும். இதுவும் உள்ளிருந்து கற்ற தொழில்தான். 1990களிலிருந்து நிலைமை மாறியது. 1993இல் சன் டிவி வந்தது. ஊடகப் படிப்பு ஊர் ஊராகப் பரவியது. பயிற்சி வானொலி நிலையத்தை விட்டுக் கல்லூரிக்குப் போனது. 2004இல் அண்ணா பல்கலைக்கழகம் தன் வளாகத்திலேயே சமுதாய வானொலி தொடங்கியது நல்ல முயற்சி. ஆனால் அப்படி ஒரு ஒலிவாங்கி எல்லா மாணவருக்கும் வாய்க்கவில்லை. இதற்கு மேல் ஒரு சட்டத் தடையும் இருக்கிறது: இந்தியாவில் தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தயாரிக்க முடியாது, அகில இந்திய வானொலியின் செய்தியை மட்டுமே எடுத்து ஒலிபரப்பலாம். அதனால் வானொலியில் பேசுபவர் வேறு, செய்தியாளர் வேறு என்றாகிவிட்டது. இலங்கையில் சூரியன், சக்தி போன்ற தனியார் பண்பலைகளுக்குச் சொந்தச் செய்திப் பிரிவு உண்டு. காலையில் பாட்டுக்கு நடுவே பேசும் இளைஞர் செய்தி அறையின் வேலையையும் பக்கத்திலிருந்து பார்க்கிறார்.

இலங்கை அறிவிப்பாளர்களின் புகழுக்குப் பயிற்சி காரணமில்லை, பாட்டுதான் காரணம் என்று மறுக்கலாம். 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஒதுக்கிவைத்தார். நேயர்கள் கொழும்புக்குத் திரும்பினார்கள். வரலாறு அப்படித்தான். ஆனால் 1957இல் விவித பாரதி வந்து திரைப்பாடல் இந்திய வானொலிக்குத் திரும்பிய பிறகும், எழுபதுகளில் தென்தமிழ்நாட்டு வீடுகளில் இலங்கை வானொலியே ஒலித்தது. பாட்டு இரண்டு இடத்திலும் கிடைத்தபோதும் நேயர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார் என்றால், பாட்டுக்கு நடுவில் பேசியவருக்கும் அதில் பங்கு உண்டு. இலங்கை வானொலியின் 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சி பின்னர் சென்னைத் தொலைக்காட்சிக்குப் போய் அங்கேயும் நின்றது இதற்கு இன்னொரு சான்று.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. நிலையத்துக்குள் கற்பிக்கும் முறை சிலருக்கு மட்டுமே கதவு திறக்கும். ஒரே அரசு நிலையம், சில இடங்கள். உள்ளே யாரையும் தெரியாதவருக்கு வழி எங்கே? தமிழ்நாட்டின் ஊடகக் கல்லூரிகள் சிற்றூரிலிருந்து வந்த, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறும் பிள்ளைகளைக் கேமராவின் முன் நிறுத்தின. அதைக் குறைத்துப் பேசுவது அநியாயம். மேலும், அழகாகப் பேசக் கற்றவர் உண்மையைச் சரிபார்க்கவும் கற்றவர் என்று சொல்ல முடியாது. இலங்கையே இதை உணர்ந்து 2004இல் கொழும்பில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் கற்பிக்கும் இதழியல் கல்லூரியைத் தொடங்கியது. சட்டமும் சரிபார்ப்பும் வகுப்பறைக்கு உரியவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்ட பிறகும் கேள்வி அப்படியே இருக்கிறது: 'ழ'கரம் வழுக்கும்போது, ஆங்கிலத் தொடர் தமிழ் வேடத்தில் வரும்போது, அதே நிமிடத்தில் யார் பிடிப்பது?

உட்லண்ட்ஸ் மாணவரிடம் இதற்கான பாதி ஏற்பாடு இருக்கிறது. ரிபப்ளிக் கல்லூரி பெயர் பெற்றதே காலையில் ஒரு சிக்கலைக் கொடுத்து அன்று மாலைக்குள் தீர்வை முன்வைக்கச் சொல்லும் முறையால். செய்தி அறையின் நாளும் அப்படித்தான் ஓடுகிறது. மீதிப் பாதி தமிழ். ஆங்கிலத்தில் முடித்த அதே செய்தியை மூன்று நிமிடத் தமிழாக்கி அன்றே வாசிக்கச் சொன்னால், டில்லிப் பிரிவின் பாடம் இங்கேயே நடக்கும். இவ்வளவு சிறிய ஊடகச் சந்தைக்கு இது எதற்கு என்று கேட்பார்கள். ஊர் சிறியது என்பதால்தான் இது முடியும் என்று நான் நம்புகிறேன். பல ஆண்டு அனுபவமுள்ள தமிழ்ப் படைப்பாளர்கள் ஒரு ரயில் தூரத்தில் இருக்கிறார்கள்: உட்லண்ட்ஸில் ஏறி, பீஷானில் மாறி, ஒன்-நார்த்தில் இறங்கினால் மீடியாகார்ப் வளாகம். பட்டயப் படிப்பின் முடிவில் வரும் வேலைப்பயிற்சி வரை காத்திருக்காமல், முதலாண்டிலிருந்தே வாரம் ஒரு மணி நேரம் அந்த மாணவர் அங்கே பேச வேண்டும், பேசியதை ஒரு மூத்தவர் அவரோடு உட்கார்ந்து திரும்பக் கேட்க வேண்டும். கல்லூரியிடமும் நிலையத்திடமும் நான் கேட்பது அந்த ஒரு மணி நேரத்தைத்தான்.