தைக்கப்படாத கொக்கி

ருஷ்ய இலக்கியம் என்றவுடன் டால்ஸ்டாய், கார்க்கி என்று சொல்லி நிறுத்திக்கொள்வது நம்மவர் வழக்கம். நத்தாலியா பரான்ஸ்கயாவை அறிந்தோர் நம்மில் மிகச் சிலரே. 1908இல் பிறந்து, மாஸ்கோவில் அருங்காட்சியகப் பணியாற்றி, ஓய்வு பெற்ற பின்னரே கதை எழுத வந்தவர் இவ்வம்மையார். ‘எல்லா வாரங்களையும் போல் ஒரு வாரம்’ எனத் தமிழில் பெயரிடத்தக்க அவரது குறுநாவல், 1969 நவம்பரில் ‘நோவி மிர்’ இதழில் வெளிவந்தது.

கதைத் தலைவி ஓல்காவுக்கு அகவை 26. ஆய்வுக்கூடத்தில் வேலை, கணவன், இரு குழந்தைகள். திங்கள் முதல் ஞாயிறு வரை அவள் ஓடுகிறாள், அவ்வளவே கதை. நண்பகல் இடைவேளையில் தோழியர் முறை வைத்துக்கொண்டு, ஒருத்தியே அனைவருக்குமாகக் கடை வரிசையில் நிற்கிறாள். இடைக்கச்சில் அறுந்த கொக்கியொன்றைத் தைத்துக்கொள்ளவும் ஓல்காவுக்குப் பொழுது வாய்க்கவில்லை.

திங்களன்று பெண்களிடம் ஒரு வினாப்படிவம் தரப்படுகிறது. வீட்டு வேலைக்கு எத்தனை மணி, குழந்தைகளுக்கு எத்தனை மணி, ஓய்வுக்கு எத்தனை மணி? படிவங்களோடே காலங்கழிக்கும் நம் போன்றோர்க்கு இவ்விடம் சிரிப்பையும் அச்சத்தையும் ஒருங்கே தருகிறது. பேருந்தில் நெரிபட்டபடி இரவுச் சமையலை எண்ணும் அரைமணியை எந்தக் கட்டத்தில் எழுதுவது? துணி துவைக்கும்போதே குழந்தைக்குக் கதை சொன்னால் அது வேலையா, ஓய்வா? வாரத்தின் 168 மணியையும் கூட்டிக் காட்டிவிடலாம்; அவசரத்துக்குக் கட்டம் இல்லை.

கணவன் தீமாவைக் கொடியவனாக்கியிருந்தால் ஆசிரியருக்கு வேலை எளிதாகியிருக்கும். அவ்வழி அவர் செல்லவில்லை. தீமா அன்புடையவன், கேட்டால் உதவுபவன். ஆனால் கேட்க வேண்டும்! வேலையை விட்டுவிடலாமே என்று அவன் சொல்வதும் நல்லெண்ணத்தினால்தான். அச்சொல்லே அவளைப் புண்படுத்துகிறது.

வீட்டு வேலை பெண்ணை நசுக்குகிறது என்றும், பொது உணவுக்கூடமும் குழந்தைக் காப்பகமும் விடுதலையின் முளைகள் என்றும் 1919இல் லெனின் எழுதினார். ஐம்பதாண்டு கழித்து ஓல்காவுக்கு வேலை இருக்கிறது, காப்பகம் இருக்கிறது. சட்டி கழுவும் பொறுப்பு மட்டும் கை மாறவில்லை. அதனை அரசியல் முழக்கமாக்காமல் விட்டதே இந்நூலின் வலிமை என்போம்.

குறையும் உண்டு. தோழியருள் சிலர், கருத்துக்கு ஒருவராக நிறுத்தப்பட்டவர்போல் தோன்றுகின்றனர். நிகழ்ச்சியே இல்லை என்று குறை கூறுவோர்க்கு இறுதிப் பக்கங்களைக் காட்டுவோம்: ஞாயிறு இரவு ஓல்கா திடுக்கிட்டு விழிக்கிறாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. கொக்கி இன்னும் தைக்கப்படவில்லை.