பாதாள லோகத்துச் சொல் ஒன்று

ஹோமரின் ஒடிஸி காவியத்தில் மூன்றே மூன்று இடங்களில் ஒரு சொல் வருகிறது. அஸ்ஃபோதெலோஸ் என்பது அது. செத்தவர்களின் ஆவிகள் உலவும் வெளிக்கு அடைமொழி. 11வது பகுதியில் அக்கிலீஸின் ஆவி அந்த வெளியில் நடந்து போகிறது. வேட்டைக்காரன் ஓரையன், தான் உயிரோடிருந்தபோது கொன்ற மிருகங்களை அங்கே மறுபடியும் விரட்டிக்கொண்டிருக்கிறான். 24வது பகுதியில், பெனலோப்பியை மணக்க வந்து மாண்டவர்களின் ஆவிகளை ஹெர்மிஸ் அங்கே கொண்டு சேர்க்கிறான்.

எனக்குக் கிரேக்கம் தெரியாது. ஆங்கில மொழிபெயர்ப்புகளின் வழியாகப் படித்தவன்தான். ஆனாலும் நாவல் எழுதுகிறவன், அந்த வெளியில் என்ன முளைத்திருக்கிறது என்று குனிந்து பார்க்காமல் இருக்க முடியுமா?

டென்னிஸன் போன்ற ஆங்கிலக் கவிகளிடம் அது மோட்சத்துப் பூ. களைத்த ஆத்மாக்கள் இளைப்பாறும் மலர்ப் படுக்கை. ஹோமரிடம் அப்படி இல்லை. இன்பமயமான எலீஸியம் அவரிடம் வேறு இடம். அது 4வது பகுதியில் மெனிலேயஸுக்கு வாக்களிக்கப்படுவது. பின்னால் வந்தவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

பழைய உரைகாரர்கள் சிலர் நேர்மாறாகப் போனார்கள். மூன்று இடங்களிலும் இந்தச் சொல்லுக்கு முன்னால் 'கதா' என்ற இடைச்சொல் நிற்கிறது. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது, நடுவில் உள்ள அகரம் எந்தச் சொல்லுக்குச் சொந்தம் என்று காதால் தீர்மானிக்க முடியாது. பதம் பிரிப்பதில் பழகிய நமக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. அகரத்தை முன் சொல்லுக்குக் கொடுத்துவிட்டால், மிஞ்சுவது சாம்பலைக் குறிக்கும் 'ஸ்போதோஸ்' என்ற சொல்லுக்கு நெருங்கி வந்துவிடுகிறது. ஆகவே அது சாம்பல் வெளி, எரித்த பிணங்களின் வெளி என்றார்கள்.

கெட்டிக்காரத்தனமான விளக்கம்தான். ஆனால் ஹெர்மிஸைப் பற்றிய பழைய துதிப்பாடலிலும் இதே வெளி வருகிறது. அங்கே செத்தவர்கள் இல்லை. அப்போலோவின் திருட்டுப்போன மாடுகளின் குளம்படிகள்தான் இருக்கின்றன. மாடு நடந்த இடத்தில் பிணச் சாம்பலுக்கு என்ன வேலை?

மிஞ்சுவது செடி. கல்லும் கரம்புமான நிலத்தில் வளர்வது. வெளிறிய பூ. கால்நடைகள் பெரும்பாலும் வாய்வைக்காது. மனிதன் தின்றிருக்கிறான், கிழங்கும் தண்டும் விதையும் உணவானதைத் தியோஃப்ராஸ்டஸ் எழுதியிருக்கிறார். ஹெஸியாட் இதை எளியவனின் உணவாகவே சொல்கிறார்.

இங்கேதான் எனக்கு ஹோமரின் கை தெரிகிறது. செத்தவர்களுக்கெல்லாம் அரசனாக இருப்பதைவிட, பூமியில் சொந்த நிலமில்லாத ஓர் ஏழையிடம் கூலிக்கு உழைப்பது மேல் என்று சற்று முன்புதான் அக்கிலீஸ் சொன்னான். பிறகு தன் மகன் வீரனாக விளங்கியதைக் கேட்டு, பூரிப்போடு நீள அடி வைத்துப் போகிறான். அவன் காலடியில் இருப்பது அந்த ஏழை தின்னும் கிழங்குச் செடி. பூந்தோட்டம் என்று மொழிபெயர்த்தால் அவனுடைய ஏக்கம் பொய்யாகிவிடும். சாம்பல் என்றால் அந்தப் பூரிப்புக்கு இடமிராது. கரம்பில் வளரும் செடி என்று விட்டால்தான் இரண்டும் நிற்கின்றன.

அகராதி ஒரு சொல்லுக்குப் பல அர்த்தங்களைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். எந்த அர்த்தத்தில் பாத்திரம் உயிரோடு இருக்கிறான் என்று பார்ப்பது விமர்சகனின் வேலை. செத்துப்போன பாத்திரத்துக்கும் இது பொருந்தும்.