தேடலைத் திருத்துங்கள், உரையை அல்ல

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் நீர்காத்த அய்யனார் கோவிலைப் பற்றிக் குறிப்பு சேர்ப்பவருக்கு முதல் தலைவலி எழுத்துக்கூட்டல்தான். அய்யனார், ஐயனார், கோவில், கோயில். சேர்த்துப் பார்த்தால் நாலு வடிவம். பக்கத்து ஊர்ப் பெயர் இன்னும் மோசம். ஸ்ரீவில்லிபுத்தூரின் முதல் எழுத்தை 'ஸ' வைத்தும் தட்டலாம், 2005-ல் யூனிகோடு 4.1 சேர்த்த 'ஶ' வைத்தும் தட்டலாம். திரையில் பெரும்பாலும் ஒரே உருவம்தான் தெரியும். கணினிக்கு அவை இரண்டு சொற்கள்.

ஈமேக்ஸ் எடிட்டரில் இதற்கு வழி இருப்பதுபோலத் தோன்றும். 2016-ல் வந்த 25-ஆம் பதிப்பிலிருந்து 'கேரக்டர் ஃபோல்டிங்' உண்டு: வெறும் எழுத்தைத் தேடினால், தலையில் குறி போட்ட பிரெஞ்சு எழுத்தையும் பிடிக்கும். ஆனா அது நம்புவது யூனிகோடு அட்டவணையை. அதில் ஐ-யும் அய்-யும் சமமில்லை. ஸ-வும் ஶ-வும் சமமில்லை.

புள்ளி இன்னொரு சிக்கல். 'கோவில்' என்று தேடினால் 'கோவிலுக்கு' சிக்காது. 'ல்' என்பதில் புள்ளி தனிக் குறி. 'லு'வில் அந்த இடத்தில் உகரக் குறி உட்கார்ந்திருக்கிறது.

ஈமேக்ஸைப் பாராட்ட வேண்டிய இடம் இதுதான்: 'சேர்ச்-டிஃபால்ட்-மோட்' என்ற அமைப்பில் நாமே எழுதிய லிஸ்ப் ஃபங்ஷனை வைக்கலாம். தட்டிய சொல் உள்ளே போய், ரெகுலர் எக்ஸ்பிரஷனாக வெளியே வரும். மூன்று வேலை போதும்: ஐ/அய் இரண்டையும் ஏற்பது, 'கோ'வுக்கு அடுத்து யி/வி இரண்டையும் ஏற்பது, கடைசிப் புள்ளியை உதிர்ப்பது. ஸ/ஶ-வையும் அப்படியே சேர்த்துக்கலாம். விலையும் உண்டு: 'கல்' தேடினால் 'கலம்' வந்து நிற்கும். 'காடு' தட்டினால் 'காட்டுக்கு' அப்பவும் வராது.

எதுக்கு இவ்வளவு, கோப்பையே ஒரே எழுத்துக்கூட்டலுக்கு மாத்திட்டா போச்சே என்பார்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. 'அய்' பழைய இலக்கணம் சொல்லும் போலியாக இருக்கலாம்; பெரியார் வழி எழுத்தாகவும் இருக்கலாம். 1978 அரசாணை அவருடைய சில மாற்றங்களை ஏற்றது, 'ஐ'யை மாற்றாமல் விட்டுவைத்தது. ஆக, எழுதியவர் எதைத் தேர்ந்தார் என்பதே ஒரு தகவல். மாற்றி எழுதினால் அது அழிந்துபோகும்.

அதனால் இரண்டு விசை வைத்துக்கொள்ளுங்கள். 'இந்தக் கோப்பில் இல்லை' என்று எழுதுமுன் தளர்ந்த தேடல். 'இத்தனை முறை வருகிறது' என்று எழுதுமுன் கறாரான தேடல்.