இப்னு பதூதாவைச் சாட்சிக்கு அழைக்கும் முன்

கொங்கு நாட்டை ஆண்ட ஹொய்சள மன்னன் மூன்றாம் வீர வல்லாளனின் முடிவை எழுதவரும் எவரும் மொராக்கோப் பயணியான இப்னு பதூதாவிடம் போய்த்தான் ஆகவேண்டும். மதுரை சுல்தான் கியாசுத்தீன் தாம்கானி அவனைக் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டான் என்பது அவர் தரும் செய்தி. சம்பவம் 1342-இல் நடந்தது. 650 ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர் பெயர் நம் மேடைகளில் அடிபடக் காரணம் இதுபோன்ற பக்கங்கள்தான்.

ஆனால் அவரை மேற்கோள் காட்டும் நம் வழக்கத்தில் பெரிய குறை இருக்கிறது. பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் ஒவ்வொரு பீஸையும் விரித்துப் பார்ப்பதுபோல அவருடைய ஒவ்வொரு வாக்கியத்தையும் பார்க்க வேண்டும். நாமோ மொத்தமாக ஏற்கிறோம், அல்லது மொத்தமாகத் தள்ளுகிறோம். மதிலில் தொங்கிய தோலைத் தானே பார்த்ததாகச் சொல்கிறார். போரைப் பார்க்கவில்லை, அது முடிந்த பிறகுதான் தமிழகக் கரையில் இறங்கினார். வல்லாளன் படை ஒரு லட்சத்துக்கும் மேல், சுல்தான் படை 6,000 என்ற கணக்கு வென்றவர்கள் முகாமில் கேட்டது. இரண்டுக்கும் ஒரே எடை போட முடியாது.

அவருடைய உண்மையான பலம் வேறிடத்தில் இருக்கிறது. தாம்கானி அவருக்குச் சகலை. இருவரும் மதுரையின் முதல் சுல்தானுடைய மகள்களை மணந்தவர்கள். அப்படியிருந்தும், கைதிகளைக் கழுவேற்றியதையும் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதையும் அவர் மறைக்கவில்லை. இப்படிச் செய்த வேறு அரசனைத் தான் அறிந்ததில்லை என்றும், அதனாலேயே இறைவன் அவனுக்குச் சீக்கிரம் முடிவு கட்டினான் என்றும் சொல்கிறார். உறவினரே சொல்லும் இந்தச் சாட்சியத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கொடுமையை மட்டும் எடுத்துக்கொள்கிறவர்கள் இந்தக் கண்டனத்தை விட்டுவிடுகிறார்கள். வல்லாளன் படையில் 20,000 முஸ்லிம்கள் இருந்தார்கள் என்று அவருடைய அதே பயண நூல் சொல்வதையும் சேர்த்தே விடுகிறார்கள். எண்ணிக்கை மிகையாகவே இருக்கட்டும். மதத்தை வைத்து மட்டும் அணி பிரியவில்லை என்பதற்கு அது தடயம். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்த அரைகுறை வாசிப்புதான்.

மதுரையில் கொள்ளைநோய் பரவியபோது அவரும் காய்ச்சலில் விழுந்தார். புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, மூன்று நாள் பேதியாகிப் பிழைத்தார். இத்தகைய விவரத்தை அரசவைப் புலவர் எவரும் எழுதியிருக்க மாட்டார்.

ஆனால் நூல் அவர் கைப்பட எழுதியதல்ல. அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, மொராக்கோ சுல்தானின் ஆணைப்படி இப்னு ஜுஸய் எழுதி 1355-இல் முடித்தார். மதுரையை விட்டு ஏறக்குறைய 10 ஆண்டுகள் ஆகியிருந்தன. இடையில் மலபார்க் கடலில் கொள்ளையர் அவர் உடைமைகளைப் பறித்திருந்தார்கள். மத்தியகிழக்கு நகரங்களின் வருணனை சில இடங்களில் இப்னு ஜுபைரின் பழைய நூலிலிருந்து எடுத்தது. உலகப் புகழும் பிந்தியதுதான். 1853 முதல் 1858 வரை பாரிஸில் முழுப் பதிப்பு வெளிவந்த பிறகே அது பரவியது.

கொங்கு ஊர்களுக்குள் அவர் வந்ததாகத் தெரியவில்லை. கரையில் இறங்கி, மதுரை போய், மறுபடி கப்பலேறிக் கொல்லம் போனவர் அவர். வல்லாளன் எப்படிச் செத்தான் என்பதை அவரிடம் கேட்கலாம். இங்கே எப்படி ஆண்டான் என்பதற்கு இந்த மண்ணின் கோயில் கல்வெட்டுகளைத்தான் படிக்க வேண்டும்.