வலியறியும் கண்ணாடி: யப்பானியச் சித்திரக்கதை ஒன்று பற்றிய நோக்கு

சித்திரக்கதையைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளும் வழக்கம் நமது சங்க ஏடுகளில் அருகியே காணப்படுகின்றது. அது சிறுவர்க்குரியது, வணிக நோக்குடையது என இரு காரணங்கள் கூறப்படுவதுண்டு. இரண்டும் உண்மையே. எனினும், ஒரு தலைமுறை தன் பிள்ளைப் பருவத்தில் எதனைக் கொண்டு மனிதரை அளக்கக் கற்றது என்பதை அறிய விரும்புவோர் அகிரா தொரியாமாவின் 'டிராகன் போல்' கதையைப் புறக்கணித்தல் இயலாது. 1984 முதல் 1995 வரை 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் தொடராக வெளிவந்த இக்கதையினுள் 1988ஆம் ஆண்டில் நுழைந்த சிறு கருவியொன்றே இக்கட்டுரையின் பொருள்.

'ஸ்கௌட்டர்' என்பது அதன் பெயர். காதிலே பொருத்தி, ஒரு கண்ணை மூடும் நிறக்கண்ணாடியினூடாக எதிரியை நோக்கினால் அவனது போர்வலி எண்ணாகத் தோன்றும். வேற்றுக் கிரகங்களைக் கைப்பற்றி விற்கும் ஒரு கூட்டத்தாரின் கருவி இது என்பதை மறத்தலாகாது. அங்கே வலி அளக்கப்படுவது அறிவு வேட்கையால் அன்று, விலை மதிப்பதற்காகவே. பூமியில் வந்திறங்கும் ராடிட்ஸ் முதலிற் காண்பது துப்பாக்கி ஏந்திய உழவன் ஒருவனை. கருவி காட்டும் எண் 5. அவ்வளவில் அம்மனிதனின் கதை முடிந்துவிடுகின்றது.

ஆயின், இக்கருவியை நம்பியோர் பிழைபடுவதையே ஆசிரியர் மீண்டும் மீண்டும் வரைகின்றார். கோகு 334, பிக்கோலோ 322 எனக் காட்டிய கண்ணாடி, அவர்கள் பாரமான உடைகளைக் களைந்ததும் 416, 408 என்கின்றது. சிறுவன் கோஹான் அழுகையில் 710 என்றும், சினந்தெழுகையில் 1307 என்றும் காட்ட, கருவி பழுதடைந்துவிட்டதென ராடிட்ஸ் முடிவு செய்கின்றான். இவ்விடம் ஊன்றி நோக்கத்தக்கது. கருவி பொய் சொல்லவில்லை. பிள்ளை வலியற்றது என்னும் தன் முற்கோளை விட மனமின்றி, அவன் கருவியையே ஐயுறுகின்றான். எண் தன் எண்ணத்தோடு பொருந்தும் வரைதான் அவனுக்கு அது அறிவியல்!

திருக்குறளின் 'வலியறிதல்' அதிகாரம், செய்யும் வினையின் வலி, தன் வலி, மாற்றான் வலி, இரு திறத்தார்க்கும் துணையாவாரின் வலி ஆகிய நான்கையும் ஆராய்ந்து செயற்படுமாறு கூறுகின்றது. ஸ்கௌட்டர் காட்டுவது மாற்றான் வலியொன்றையே. ராடிட்ஸ் மாள்வது எவ்வாறு? நெடுநாட் பகைவரான கோகுவும் பிக்கோலோவும் இணைகின்றனர். கோகு அவனைப் பின்னின்று பற்றிக்கொள்ள, பிக்கோலோவின் கதிர் இருவரையும் ஊடுருவுகின்றது. தன்னுயிரைக் கொடுத்துப் பகைவனுக்கே துணையாகும் ஒருவனை அளக்கும் எண் அக்கண்ணாடியில் இல்லை.

இலங்கையிலிருந்து இதனைப் படிப்போருக்கு இராவணன் நினைவுக்கு வருதல் இயல்பே. தேவர், அசுரர் முதலியோரால் அழிவின்மையை வரமாகக் கேட்ட அவன், மானிடரை ஒரு பொருட்டாகக் கருதாது விட்டான். அவன் கண்ணாடியிலும் மானிடருக்கு 5 என்றே தோன்றியது எனலாம். பின்னர் சுகன், சாரணன் என்னும் ஒற்றர் பகைவர் பாசறையுட் புகுந்து மீண்டனர். கம்பனோ வானரத் தானை காண்பதற்கெனவே ஒரு படலம் வகுத்தான். எழுபது வெள்ளம் என்னும் பேரெண்ணும் அக்காவியத்தில் உண்டு. செய்தி வந்து சேராமையால் இராவணன் கெடவில்லை.

நம் மரபு எண்மோகத்திற்கு விலக்கானது என்று சொல்லவும் இயலாது. ஆயிரம் யானைகளைப் போரில் வென்ற வீரனுக்கே பரணி பாடப்பெறும் எனப் பாட்டியல் வகுக்கின்றது. ஆனால் பரணி போர் முடிந்தபின் எண்ணுகின்றது. ஸ்கௌட்டர் போருக்கு முன்னரே எண்ணி, போரின் முடிவையும் கூறிவிடுகின்றது.

இதனை அயல்நாட்டுக் கற்பனை என ஒதுக்கிவிட முடியாதவாறு நமது சூழல் அமைந்துள்ளது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தனியார் கல்வி நிலையங்களின் விளம்பரங்களில் மாணவர் முகங்களின் கீழ் மாவட்ட நிலை அச்சிடப்படுகின்றது. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி, ஒருவர் அதே ஆண்டில் அதே பாடத்துக்குத் தோற்றியோரின் சராசரியிலிருந்து எத்தனை நியமவிலகல் தொலைவில் நிற்கின்றார் என்பதைக் கூறுவது. பாடங்களின் கடினவேறுபாட்டைச் சமன்செய்ய அது பயன்படுகின்றது. 1970களின் தொடக்கத்தில் மொழிவாரியாகப் புள்ளிகளைத் தரப்படுத்திய முறையைவிட அது நியாயமானது என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆயினும் நான்கு தசமதானங்களில் வரும் அவ்வெண் ஓர் ஒப்பீடு மட்டுமே. நாமோ அதனை ஆளின் வலியாகவே படிக்கின்றோம். வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றுவிட்ட பிள்ளையைப் பற்றி உறவினர் பேசும் தொனி ராடிட்ஸின் தொனியே. கலைப்பீடத்தார் பலர் இத்தொனியைக் கேட்டவர்களே.

தொரியாமாவிடமும் குறையுண்டு. ஐந்தில் தொடங்கிய கணக்கு, பிரீசா தன் வாயாலேயே 530,000 எனக் கூறுமளவிற்கு வீங்கிவிடுகின்றது. கோகுவின் வலி 8000க்கு மேல் என வெஜீட்டா மூலத்திற் கூறியதை ஆங்கில ஒலிப்பதிவு 9000 ஆக்கியது. ஆயிரம் கூடியும் கதையில் நூலிழையும் மாறவில்லை. நமெக் கிரகத்து முதியவர் ஒருவர் அக்கருவிகளைக் குறிவைத்து உடைக்க, கருவியின்றி உயிர்வலியை உணரப் பயிலாத படையினர் திகைத்து நிற்கும் பக்கங்கள் இத்தொடரின் மிகச் சிறந்தவை. அதன்பின் எண்கள் மெல்ல மறைகின்றன. ஆனால் எண்ணின் இடத்தை மயிரின் நிறம் பிடித்துக்கொள்கின்றது. பொன்னிறமானால் ஒரு படி உயர்வு. படிநிலை நீங்கவில்லை, அதன் குறியே மாறியது. இதனை ஆசிரியரின் தோல்வி என்றே கருதுகின்றேன்.

இத்தோல்வியிலிருந்து அவரை ஓரளவு மீட்பது கதையின் இறுதிப் போர். மஜின் பூவை அழிக்கும் ஆற்றல் பூமியின் சாதாரண மக்கள் கைகளை உயர்த்தி ஈயும் உயிர்வலியால் திரள்கின்றது. வெஜீட்டாவும் கோகுவும் கேட்டபோது மறுத்த அம்மக்கள், போர்வலியில் மிகக் குறைந்தவரான மிஸ்டர் சேட்டன் கேட்டபோதே கொடுக்கின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் உழவனைப் போன்று ஐந்தோ ஆறோ காட்டியிருப்பர். அப்பக்கங்களில் எவர் காதிலும் ஸ்கௌட்டர் இல்லை.