தன்மை ஒருமை

தமிழில் படர்க்கை வினைமுற்று ஆளைப் பார்த்ததும் பால் பிரித்துவிடும்: வந்தான், வந்தாள். ஆண், பெண் என்ற இரண்டிலும் அடங்காத பேடு எந்தப் பாலின் முடிபைக் கொள்ளும் என்று தொல்காப்பியமும் நன்னூலும் விதி வகுக்க வேண்டியிருந்தது. ஆனால் 'வந்தேன்' என்பதற்குப் பால் இல்லை. தன்மை ஒருமையில் பேசுகிறவரிடம் இலக்கணம் எதையும் விசாரிப்பதில்லை. திருநங்கையரின் தன்வரலாறுகளைத் தமிழில் வாசிக்கும்போது இந்தச் சிறு சலுகையின் பெறுமதி தெரிகிறது. வீடும் தெருவும் 'வாடா, போடா' என்று அழைத்துக்கொண்டிருக்க, சொல்கிறவர் மட்டும் நடந்தேன், ஓடினேன், திரும்பினேன் என்று யாருக்கும் கணக்குக் காட்டாமல் போகிறார்.

1994இல் வந்த சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' பரிவோடு எழுதப்பட்ட நாவல்தான். ஆனாலும் அது வெளியிலிருந்து பார்த்தது. திருநங்கையான ஏ. ரேவதி முதலில் சக அரவாணிகளின், அதாவது திருநங்கையரின், வாழ்க்கைக் கதைகளைத் திரட்டி 'உணர்வும் உருவமும்' நூலைத் தொகுத்தார். 2007இல் லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு 'நான், சரவணன் வித்யா' வந்தது. ரேவதியின் சொந்தக் கதை 2010இல் வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் வெளியாகி, அதன் பிறகே 2011இல் 'வெள்ளை மொழி'யாகத் தமிழுக்கு வந்து சேர்ந்தது. தமிழில் நடந்த வாழ்க்கைக்கு ஆங்கில வாசகர் முந்திக்கொண்டார் என்பது நம் பதிப்புலகைப் பற்றிய ஒரு செய்தி.

இந்த நூல்களின் பலம் துயரத்தின் அளவில் இல்லை, விவரத்தின் நுணுக்கத்தில் இருக்கிறது. குரு, சேலா (சீடர்), நானி (குருவின் குரு) என்று கட்டப்படும் உறவுமுறை, கடைகளில் காசு கேட்கும் 'கடை கேட்க'ப் போவதற்கும் பாலியல் தொழிலான தந்தா செய்வதற்கும் உள்ள வேறுபாடு, ஆணுறுப்பை நீக்கும் நிர்வாணத்துக்குப் பின் நாற்பது நாள் காப்பு, திருநங்கையர் சமூக அமைப்பான ஜமாத்தின் நியாய விசாரணை எல்லாம் அவர்களின் சொந்தக் குரலில் அச்சேறின. மொழியியலில் முதுகலை படித்த வித்யா புனே ரயில்களில் கைநீட்டி நின்றதை எழுதும்போது, படித்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்ற நம் பொது நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. 2008இல் தமிழகத்தில் திருநங்கையர் நலவாரியம் அமைந்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றது. இவற்றைப் புத்தகங்கள் கொண்டுவந்தன என்று சொல்ல முடியாது. பல ஆண்டுப் போராட்டம் கொண்டுவந்தது. ஆனால் அந்தப் போராட்டத்தின் நியாயத்தைக் காதுகொடுத்துக் கேட்கும் வாசகரை இந்த எழுத்து உருவாக்கியது.

குறை இதே இடத்தில்தான் தொடங்குகிறது. கேட்பவருக்கு ஏற்றபடி கதை வளையத் தொடங்குகிறது. அமெரிக்கத் திருநங்கை கிறிஸ்டின் ஜோர்கன்சன் 1967இல் தன்வரலாறு எழுதிய காலத்திலேயே ஓர் அச்சு உருவாகிவிட்டது: சிறுவயதுத் தவிப்பு, ஒளிந்து உடுத்திய பெண்ணுடை, அறுவை சிகிச்சை, மறுபிறப்பு. மருத்துவர் எதிர்பார்த்த கதையைச் சொன்னவருக்கே சிகிச்சை கிடைத்ததால் கதைகள் ஒன்றுபோலாயின என்று திருநங்கை ஆய்வாளர் சாண்டி ஸ்டோன் பின்னாளில் விமர்சித்தார். அந்த அறுவையைச் செய்யும் மூத்த திருநங்கையான தாயம்மாவின் கையால் நிர்வாணம் ஆன நம் ஊர்த் திருநங்கையிடம் அப்படி யாரும் கதை கேட்கவில்லை. இங்கே கேட்பவர்கள் தொண்டு நிறுவனமும் தொலைக்காட்சியும் பதிப்பாளரும். 'குடும்பம் ஏற்றுக்கொண்டதா?' என்பது அவர்களின் நிரந்தரக் கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் புகும் இடங்களில் தன்வரலாறு மனுவாகிவிடுகிறது. எழுதுபவர் தன்னையே படர்க்கையில் நிறுத்தி, வாசகரின் கண்ணால் பார்க்கத் தொடங்குகிறார்.

இப்படி வளைவதற்குக் கொடுக்கும் விலை அதிகம். நிர்வாணமே கதையின் உச்சமானால், அதைச் செய்துகொள்ளாதவர் அரைக்கதையாகிவிடுகிறார். ஜமாத்துக்குள் நடக்கும் சுரண்டலை எழுதினால் ஊர் அதையே பிடித்துக்கொண்டு ஏசும். எழுதாவிட்டால் சேலாக்களுக்குத் துரோகம். ஒருவர் கதை எல்லோர் கதையுமாகிவிடும்போது சாதி, ஊர், தொழில் வேறுபாடுகள் கரைகின்றன. வித்யாவின் நூல் 'நானு அவனல்ல, அவளு' என்று கன்னடத்தில் படமானது. அதில் நடித்த சஞ்சாரி விஜய்க்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. நல்ல நடிப்புதான். ஆனால் ஒரு திருநங்கையின் 'நான்', திரைக்குப் போனபோது ஓர் ஆணின் சாதனையாகப் பதிவானது.

அந்த வார்ப்பு அச்சிலிருந்து விலகும் வழியையும் இவர்களே காட்டியிருக்கிறார்கள். நந்தினி முரளியிடம் சொல்லி 2016இல் வெளிவந்த தன் இன்னொரு நூலில் ரேவதி, பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பிகளின் கதைகளுக்கும் இடம் கொடுத்தார். தொகுப்பாளராகத் தொடங்கியவர் தன் 'நான்' வழியாகச் சென்று 'நாங்கள்' என்பதற்கே திரும்பினார். திருநங்கையான பிரியா பாபு 'மூன்றாம் பாலின் முகம்' நாவலை எழுதி, தன் கதையை மட்டுமே சொல்ல வேண்டும் என்ற கட்டாயத்தைத் தாண்டினார்.

மிச்சம் வாசகர் கையில் இருக்கிறது. உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' முழுக்க வறுமையும் அலைச்சலும்தான். அவருக்காக இரங்கவா அதைப் படிக்கிறோம்? ஒரு காலத்தில் பாடம் எப்படி நடந்தது, மாணவனுக்குச் சோறு யார் போட்டார்கள், ஆசிரியரின் கோபம் எப்படி இருந்தது என்று அறியப் படிக்கிறோம். 'வெள்ளை மொழி'யிலும் ஒரு குருகுலம் இருக்கிறது. அங்கே யார் சோறு போட்டார்கள், எதைக் கற்றுக்கொடுத்தார்கள், எதற்கு அபராதம் விதித்தார்கள் என்று பார்க்கலாம். கைக்குட்டையை எடுக்காமல் படித்தால் அந்தப் பக்கங்கள் கண்ணில் படும்.