கல் சுமந்தோரின் ஏடு

பிரமிட்டுகளைக் கட்டியோர் யார் என்ற வினாவுக்கு, எரிக் வொன் டனிக்கன் 1968இல் வெளியிட்ட நூல் வேற்றுலக விருந்தினரைச் சுட்டிற்று. இதனை வெறுங்கற்பனையென்று ஒதுக்கிவிடல் போதாது; உழைத்தோரின் உரிமையை அது களவாடுகிறது.

2013இல் செங்கடற்கரையின் வாடி அல்-ஜர்ஃபில் கண்டெடுக்கப்பட்ட மெரரின் நாட்குறிப்பே தக்க மறுப்பு. சுமார் 40 பேர் கொண்ட குழுவை நடத்திய அவன், துராவின் சுண்ணாம்புக் கற்களைப் படகேற்றி நைல்வழியே கீசாவுக்குச் சேர்த்ததை நாள்தோறும் பதிந்துள்ளான். அணியில்லை, ஆரவாரமில்லை, வரிக்கு வரி மனித உழைப்பு நிற்கிறது.

எனினும் குறையொன்றுண்டு. மெரர் அரச அலுவலன். கல் இழுத்தவனின் களைப்பு அவன் ஏட்டில் இடம்பெறவில்லை. அக்களைப்பையும் சேர்த்து வாசிப்பதே நமது கடன். கூபு மன்னனின் பெருமையை மட்டும் மாணவருக்கு ஓதும் பாடம், பாதி வரலாறேயாகும்.